மேய்கிற வாயும் பார்க்கிற கண்ணும்

நெய்வேலியில் ஒரு டன் பழுப்பு நிலக்கரி கைக்கு வர, அதன் தலைமேல் கிடக்கும் மண்ணில் ஏறத்தாழ ஐந்தரை கன மீட்டரை முதலில் அகற்றியாக வேண்டும். 1957-இல் நேரு தொடங்கிவைத்த சுரங்கத்தில் 1961-இல்தான் நிலக்கரிப் படுகை கண்ணில் பட்டது. அன்று தொட்டு, சுழலும் சக்கரத்தில் வாளிகள் பொருத்திய ராட்சத இயந்திரங்கள் மண்ணை வெட்டுகின்றன. கன்வேயர் பட்டைகள் அதைச் சுமந்துபோய், நிலக்கரி எடுத்து முடிந்த பள்ளத்திலும் அதன் ஓரத்திலும் கொட்டுகின்றன. அந்த ஊரைச் சுற்றியுள்ள மண்மேடுகள் பிறந்த கதை இதுதான்.

மேட்டு மண் தலைகீழ் மண். பல நூறு ஆண்டுகள் இலை மக்கி, வேர் ஓடி, மண்புழு உழுது உருவாக்கிய மேல்மண் அடியில் போய்விடும். பத்தாள், இருபதாள் ஆழத்தில் வெயில் படாமல் கிடந்த மணலும் களியும் மேலே வந்துவிடும். அதில் தழைச்சத்து மிகக் குறைவு. கரிமச் சத்தும் நுண்ணுயிரும் பெயருக்குத்தான். ஒரு வடகிழக்குப் பருவமழை போதும், சரிவெல்லாம் வாய்க்கால் வாய்க்காலாக அறுத்துவிடும். இதில் மரம் வளர்க்க சுரங்க நிறுவனம் பல ஆண்டுகளாகப் பாடுபட்டு வருகிறது. முந்திரி, வேம்பு, சவுக்கு, தைலமரம் என்று எது பிடிக்கிறதோ அதை நட்டு, தொழுவுரமும் மண்புழு உரமும் இட்டு, பச்சையைக் கொண்டுவந்திருக்கிறார்கள். மரம் வந்தால் நிழல் வரும். நிழலடியில் புல் வரும். புல் வந்தால் மாடு வரும்.

கன்று நட்ட முதல் சில ஆண்டுகளில் ஆடு, மாட்டை உள்ளே விடக்கூடாது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. கேள்வி அதற்குப் பிறகுதான். பத்து, இருபது ஆண்டு கழித்து, மரம் தலைக்கு மேல் போன பிறகு, மாட்டை விடலாமா? இது நெய்வேலிக்கு மட்டுமான கேள்வி இல்லை. முதுமலைக் காடு, கோடியக்கரை, ராஜஸ்தானத்துப் பறவைக் குளம், இங்கிலாந்தின் சுண்ணாம்புக் குன்று என்று இயற்கையைக் காக்கும் எல்லா இடத்திலும் இந்தக் கேள்வி உண்டு. விடலாம், விடக்கூடாது என்ற இரண்டு பதிலுக்கும் உலகம் பெரிய விலை கொடுத்திருக்கிறது. அந்தக் கணக்கைத்தான் இந்த அத்தியாயத்தில் பார்க்கப் போகிறோம்.

வாய்க்கு வாய் வேறு

மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. அந்த இடத்தில் கெட்டியான ஈறு மேடை ஒன்றுதான் இருக்கிறது. அதனால் அது புல்லைக் கடித்து எடுப்பதில்லை. நீண்ட நாக்கை வெளியே நீட்டி ஒரு பிடி புல்லைச் சுற்றி வளைத்து, கீழ்ப்பல்லுக்கும் ஈற்றுக்கும் நடுவில் கொடுத்துத் தலையை ஒரு வெட்டு வெட்டி இழுக்கிறது. கதிர் அறுப்பவரின் இடது கையும் அரிவாளும் சேர்ந்து செய்யும் வேலையை நாக்கும் பல்லும் செய்கின்றன. இப்படி மேய்ந்தால் தரையை ஒட்டி மேய முடியாது. இரண்டு மூன்று விரற்கடைத் தாள் மிஞ்சும். தான் சாணி போட்ட இடத்துப் புல்லையும் மாடு சில வாரங்களுக்குத் தொடாது. ஆகவே மாடு மேய்ந்த தரை ஒரே மட்டமாக இராது. இங்கே கட்டை, அங்கே குத்து என்று மேடு பள்ளமாக இருக்கும். வெட்டுக்கிளிக்கும் தரையில் முட்டையிடும் பறவைக்கும் இப்படிப்பட்ட தரைதான் வசதி.

செம்மறியின் மேலுதடு பிளந்தது. அது தரையோடு தரையாகக் கறம்பிவிடும். குதிரைக்கு மேலும் கீழும் பல் உண்டு என்பதால் அதுவும் ஒட்ட மேயும். வெள்ளாடு புல்லைவிடக் கொழுந்தைத் தேடும். பின்னங்காலில் நின்று எட்டும் உயரம் வரை அதற்குச் சாப்பாடுதான். எருமை தண்ணீரில் இறங்கி, மற்ற எதுவும் தொடாத நீர்ப்புல்லை மேயும்.

இதற்கு எதிர்ப்புறம் செடியின் உடலமைப்பு இருக்கிறது. புல்லின் வளரும் முனை தரையை ஒட்டி, அடித்தூரில் ஒளிந்திருக்கிறது. மேலே எத்தனை முறை வெட்டினாலும் கீழிருந்து தள்ளிக்கொண்டு வரும். மரக்கன்றின் வளரும் முனை உச்சியில் இருக்கிறது. அதை ஒரு வெள்ளாடு கிள்ளினால் ஓராண்டு வளர்ச்சி போச்சு. ஆகவே மேய்ச்சல் என்பது புல்லுக்கும் மரத்துக்கும் நடக்கும் போட்டியில் ஒரு கையைத் தூக்கிவிடும் வேலை. எந்த விலங்கு, எத்தனை, எந்த மாதத்தில், எத்தனை நாள் என்பதைப் பொறுத்து அதே நிலம் காடாகவும் ஆகும், புல்வெளியாகவும் ஆகும், பொட்டலாகவும் ஆகும்.

எருமையை வெளியேற்றிய குளம்

ராஜஸ்தானில் பரத்பூர் அருகே உள்ள கேவலாதேவ் பூங்கா சுமார் 29 சதுர கிலோமீட்டர். பரத்பூர் மன்னர்கள் வாத்து வேட்டைக்காகத் தண்ணீரைத் தேக்கிப் பராமரித்த சதுப்புநிலம் அது. 1938-இல் வைஸ்ராய் லின்லித்கோ வந்தபோது ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டதாக அங்கே கல்வெட்டே இருக்கிறது. சுதந்திரத்துக்குப் பிறகு அது சரணாலயம் ஆனது. சைபீரியக் கொக்குகள் இந்தியாவில் குளிர்காலம் கழித்த கடைசிப் புகலிடங்களில் ஒன்றும் அதுவே.

சுற்றிலும் இருந்த கிராமத்து எருமைகளும் மாடுகளும் காலங்காலமாக உள்ளே மேய்ந்துவந்தன. தேசியப் பூங்கா என்று ஆனபின் 1982-இல் மேய்ச்சல் முற்றாகத் தடை செய்யப்பட்டது. மாற்று ஏற்பாடு இல்லாத தடை. கிராமத்தவர் எதிர்த்தார்கள். காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியதில் உயிர்ப்பலியும் ஆயிற்று. இனி பறவைகள் பெருகும் என்று பாதுகாவலர்கள் நம்பினார்கள்.

அடுத்த சில ஆண்டுகளில் நடந்தது வேறு. ‘பாஸ்பாலம்’ என்ற நீர்ப்புல் தண்ணீர்ப் பரப்பின்மேல் பாய் விரித்தாற்போல் படர்ந்தது. அதுவரை எருமைகள் அதைத் தின்று தீர்த்துக்கொண்டே இருந்திருக்கின்றன என்பது எருமை போன பிறகுதான் தெரிந்தது. திறந்த தண்ணீர் சுருங்கியது. மீன் குறைந்தது. நீந்தித் தீனி தேடும் வாத்துகளுக்கு இடம் இல்லாமல் போனது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்காக வி.எஸ். விஜயன் தலைமையில் 1980-இல் தொடங்கிப் பத்தாண்டு அங்கே ஆய்வு நடந்துகொண்டிருந்தது. தடைக்கு முன்னும் பின்னும் அளவெடுக்கும் வாய்ப்பு அந்தக் குழுவுக்குக் கிடைத்தது. எருமை மேய்ச்சல் அந்தச் சதுப்பின் உடலோடு ஒட்டிய ஓர் உறுப்பு, அதை வெட்டியது தவறு என்பது அவர்களின் முடிவு. இந்த விஜயன்தான் பின்னர் கோவை ஆனைகட்டியில் உள்ள சாலிம் அலி பறவையியல் மையத்தின் முதல் இயக்குநரானார்.

அதன்பின் புல்லை மனிதக் கையால் அறுத்துக்கொள்ளக் கிராமத்தவருக்கு அனுமதி கொடுத்தார்கள். புல்டோசரும் இறக்கிப் பார்த்தார்கள். எருமை சம்பளம் வாங்காமல் செய்த வேலையை முழுதாக எதனாலும் ஈடுகட்ட முடியவில்லை. சைபீரியக் கொக்கு 2002-க்குப் பிறகு அங்கே வரவில்லை. வரும் வழியில் ஆப்கானிஸ்தான் போன்ற நாடுகளில் நடந்த வேட்டை அதற்கு ஒரு பெரிய காரணம். ஆகவே பழி முழுவதையும் புல்லின்மேல் போட முடியாது. தண்ணீர்ப் பரப்பும் கோரைக் கிழங்கும் சுருங்கியது அதற்கு உதவவில்லை என்று மட்டும் சொல்லலாம்.

மூன்று சென்டிமீட்டரில் ஓர் உயிர்

இங்கிலாந்தில் நடந்தது இதைவிட நுட்பமானது. அங்கே ‘லார்ஜ் ப்ளூ’ என்று ஒரு நீல வண்ணத்துப்பூச்சி. அதன் புழு முதல் சில வாரங்கள் தைம் செடியின் பூவைத் தின்னும். பிறகு தரையில் விழுந்து, ஒருவகைச் செவ்வெறும்பின் குஞ்சு மாதிரி வாசனை காட்டி நடிக்கும். எறும்பு ஏமாந்து புற்றுக்குத் தூக்கிப்போகும். அங்கே பத்து மாதம் எறும்புக் குஞ்சுகளைத் தின்று கொழுத்துச் சிறகோடு வெளியே வரும்.

பூச்சி சேகரிப்பவர்கள்தான் இதற்கு எமன் என்று நினைத்தவர்கள், அது வாழ்ந்த இடத்தை வேலி போட்டுக் காத்தார்கள். வேலி சேகரிப்பவரையும் தடுத்தது, மாட்டையும் ஆட்டையும் தடுத்தது. 1950-களில் மிக்சோமாட்டோசிஸ் என்ற நோய் வந்து முயல்களும் செத்தன. புல் ஓங்கியது. வண்ணத்துப்பூச்சி இன்னும் வேகமாகக் குறைந்தது. ஜெரமி தாமஸ் என்ற பூச்சியியலாளர் 1970-களில் ஆண்டுக்கணக்கில் தரையோடு தரையாகக் கிடந்து காரணத்தைக் கண்டுபிடித்தார். புழுவைச் சரியாக வளர்க்கும் எறும்பு இனம் ஒன்றே ஒன்றுதான். அதற்கு வெயில் படும் சூடான மண் வேண்டும். புல் மூன்று சென்டிமீட்டருக்குள் இருந்தால் மண் சூடாக இருக்கும். கொஞ்சம் ஓங்கினால் நிழல் விழுந்து மண்ணின் வெப்பம் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். எறும்பு குடிபெயர்ந்துவிடும். எறும்பு போனால் பூச்சி இல்லை.

காரணம் தெரிந்த சமயத்தில் காலம் கடந்துவிட்டது. 1979-இல் அந்த இனம் பிரிட்டனில் அற்றுப்போனது. மேய்ச்சலைத் திருப்பிக் கொண்டுவந்து, 1983-இல் ஸ்வீடனிலிருந்து புழுக்களை எடுத்துவந்து விட்டார்கள். இன்று அது மறுபடியும் பறக்கிறது. சென்டிமீட்டர் கணக்கில் புல்லை வைத்திருக்க அங்கே மாடும் மட்டக்குதிரையும் ஆடும் மாதம் பார்த்து உள்ளே விடப்படுகின்றன, மாதம் பார்த்து வெளியே எடுக்கப்படுகின்றன.

தினமும் போய்ப் பார்ப்பவர்கள்

இப்படி மாட்டை ஒரு கருவியாக உள்ளே விட்டபோது புதிய சிக்கல் ஒன்று முளைத்தது. அரிவாளை வயலில் மறந்துவிட்டு வரலாம், துருதான் பிடிக்கும். மாடு பசிக்கும், நொண்டும், சேற்றில் சிக்கும், கன்று போடும், வேலியைத் தாண்டி நெடுஞ்சாலையில் நிற்கும். பண்ணையாளர் ஒருவரின் மந்தை பத்து மைல் தள்ளிப் பத்து சரணாலயங்களில் பிரிந்து மேய்கிறது என்றால், எல்லாவற்றையும் தினமும் அவரே போய்ப் பார்க்க முடியாது.

இந்த இடத்தில்தான் பிரிட்டனின் தன்னார்வலர்கள் வருகிறார்கள். வனவுயிர் அறக்கட்டளைகளும் பிரைட்டன் போன்ற நகர மன்றங்களும் பக்கத்து ஊர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, முறை போட்டு, மந்தையைப் பார்த்துவர அனுப்புகின்றன. ஓய்வுபெற்ற ஆசிரியர், நாயோடு நடக்கப் போகிறவர், கல்லூரி மாணவர் என்று யாராகவும் இருக்கலாம். அவர்களுக்கு மாட்டைத் தொடும் வேலை இல்லை. வைத்தியம் பார்க்கும் வேலையும் இல்லை. பார்க்க வேண்டும், எழுத வேண்டும், தேவைப்பட்டால் பொறுப்பாளருக்குப் போன் செய்ய வேண்டும்.

முதல் வேலை தலையெண்ணுவது. பதினேழு இருக்க வேண்டிய இடத்தில் பதினாறு இருந்தால், அந்தப் பதினேழாவதைக் கண்டுபிடிக்கும்வரை வீடு திரும்பக்கூடாது. மந்தையை விட்டு ஒன்று தனியே நிற்கிறதென்றால் அதற்குக் காரணம் இருக்கும். நோய், அல்லது பிரசவ நேரம். அடுத்து எல்லாவற்றையும் எழுப்பி நாலடி நடக்கவைத்துப் பார்ப்பது. எந்தக் காலை ஊன்றத் தயங்குகிறது, எது முதுகை வளைக்கிறது என்பதெல்லாம் நடந்தால்தான் தெரியும்.

நம் ஊர் மாடு மேய்ப்பவருக்கு இவற்றில் எதுவும் புதிதல்ல. படுத்திருக்கும் மாடு அசை போடுகிறதா என்பதை அவர் கண் தானாகவே பார்க்கும். அசை நின்றுபோனால் வயிற்றில் ஏதோ கோளாறு. மூக்கு நுனி ஈரமாகப் பளபளக்க வேண்டும். காய்ந்திருந்தால் காய்ச்சல். இடது விலாவுக்குப் பின்னால் உள்ள பள்ளம் மேடாக எழும்பியிருந்தால் உப்புசம். அது அவசரம், ஒரு மணி நேரம்கூடத் தாங்காமல் போகலாம். வாயில் நுரை தள்ளி, காலைத் தூக்கித் தூக்கி வைத்தால் கோமாரி. தோலில் முடிச்சு முடிச்சாகப் புடைத்தால் தோல் கழலை. 2019-இல் இந்தியாவுக்குள் நுழைந்து, 2022-இல் வடமேற்கு மாநிலங்களில் மாடுகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்ற நோய் அது. சாணி தண்ணீராகப் போகிறதா, கெட்டியாக அடுக்கடுக்காக விழுகிறதா என்பதும் ஒரு செய்தி. பசும்புல்லுக்கு மாறும் பருவத்தில் இளகும். புல் முற்றி நார் ஏறும்போது கெட்டிப்படும்.

மாட்டைப் பார்த்து முடித்ததும் தண்ணீர்த் தொட்டி, வேலி, படல். பிறகு தரை. புல் எவ்வளவு உயரம், எங்கே மண் தெரிகிறது, எந்தச் செடியை மாடு தொடாமல் விட்டிருக்கிறது. இந்தக் கடைசிப் பகுதிதான் அறிவியலுக்குப் பெரிய கொடை. மாட்டின் நலத்துக்காக எழுதிய தினக்குறிப்பு, பத்து ஆண்டு சேர்ந்தால் அந்த நிலத்தின் வரலாறு ஆகிவிடும்.

இப்போது நார்வே நிறுவனம் ஒன்று செய்த கழுத்துப்பட்டை வந்திருக்கிறது. செயற்கைக்கோள் வழியாக மாடு எங்கே நிற்கிறது என்று அறிந்து, எல்லையை நெருங்கினால் ஒலி எழுப்பும். மீறினால் லேசான மின் அதிர்வு கொடுக்கும். லண்டனை ஒட்டிய எப்பிங் காட்டில் மாடுகள் இந்தப் பட்டையோடு மேய்கின்றன. வேலி போடும் செலவும் வேலி காக்கும் வேலையும் மிச்சம். ஆனாலும் அங்கே ஆள் போய்ப் பார்ப்பது நிற்கவில்லை. மாடு எங்கே நிற்கிறது என்று பட்டை சொல்லும். கண்ணில் பீளை வழிகிறதா என்று சொல்லாது.

பார்க்காமல் விட்டால்

‘இயற்கை தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும், மனிதன் ஒதுங்கி நின்றால் போதும்’ என்று ஒரு கட்சி உண்டு. அதைப் பெரிய அளவில் சோதித்த இடம் நெதர்லாந்தின் ஊஸ்ட்வார்டர்ஸ்பிளாசன். கடலிடமிருந்து மீட்ட நிலத்தில், சுமார் 56 சதுர கிலோமீட்டர். பிரான்ஸ் வேரா என்ற சூழலியலாளர், பழங்கால ஐரோப்பா அடர்காடாக இருந்ததில்லை, பெரிய மேய்ச்சல் விலங்குகள் அதைத் திறந்தவெளியாக வைத்திருந்தன என்ற கருத்துடையவர். அந்த வழியில் 1983-இல் ஹெக் மாடுகளும், 1984-இல் கோனிக் குதிரைகளும், 1992-இல் சிவப்பு மான்களும் உள்ளே விடப்பட்டன. தீனி போடுவதில்லை, எண்ணிக்கையைக் குறைப்பதில்லை என்பது கொள்கை.

ஓநாய் இல்லை. குளிரில் வேறு இடம் போக வழியும் இல்லை. சுற்றிலும் வேலி. எண்ணிக்கை ஐயாயிரத்தைத் தாண்டியது. 2017–18 குளிர்காலத்தில் மூவாயிரத்துக்கும் மேல் மடிந்தன. அவற்றில் பெரும்பாலானவை பட்டினியால் சாகும் நிலைக்கு வந்ததைப் பார்த்து ஊழியர்களே சுட்டுக் கொன்றவை. ஊர் மக்கள் கொதித்துப் போய், வேலிக்கு மேல் வைக்கோல் கட்டுகளை வீசினார்கள். கடைசியில் மாகாண அரசு எண்ணிக்கைக்கு வரம்பு போட்டது.

வேலி போட்டு அடைத்த விலங்குக்கு மனிதன் பொறுப்பாளி ஆகிவிடுகிறான் என்பது அங்கே கிடைத்த பாடம். ஓடிப்போகும் வழியை அடைத்தவனே தீனிக்கும் எண்ணிக்கைக்கும் பதில் சொல்ல வேண்டும்.

மாட்டுக்குப் போட்ட ஊசி

சரணாலயத்துக்குள் போகும் மாடு தனியாகப் போவதில்லை. வயிற்றில் விதையும், உடம்பில் நோயும், இரத்தத்தில் மருந்தும் கூடவே போகின்றன.

முதலில் விதை. சீமைக் கருவேலத்தின் நெற்று இனிக்கும். மாடும் ஆடும் விரும்பித் தின்னும். கெட்டியான விதை குடலைக் கடந்து, ஓடு இளகி, உரத்தோடு வெளியே விழும். முளைப்பதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. வெளிமான் மேயும் கோடியக்கரைப் புல்வெளியில் சீமைக் கருவேலம் நுழைந்து பரவியதில் மேய்ச்சல் விலங்குகளுக்கும் பங்கு உண்டு. வெளியிலிருந்து கொண்டுவரும் மாட்டைச் சில நாள் பட்டியில் அடைத்துச் சுத்தமான தீவனம் போட்டு, வயிற்றைக் காலியாக்கிய பிறகு உள்ளே விடுவது இதனால்தான் நல்லது.

அடுத்து நோய். 1968-இல் முதுமலைப் பகுதியில் வெக்கை நோய் புகுந்து காட்டெருதுகளை வாரிக்கொண்டு போனது. நாட்டு மாட்டிடமிருந்து காட்டு மாட்டுக்குத் தாவும் நோய் அது. தடுப்பூசியால் 2011-இல் உலகத்தைவிட்டே ஒழிந்தது. கோமாரி இன்னும் இருக்கிறது.

மூன்றாவது மருந்து. 1990-களில் இந்தியாவின் பாறு கழுகுகள் கண்ணெதிரே மறைந்தன. வெண்முதுகுப் பாறு பதினைந்து ஆண்டுக்குள் 99 சதவீதத்துக்கும் மேல் அழிந்தது. மாட்டுக்கு வலி நீக்கியாகப் போட்ட டைக்ளோஃபினாக்தான் காரணம் என்று 2004-இல் தெரிந்தது. அந்த மருந்து உடம்பில் இருக்கும்போது செத்த மாட்டைத் தின்ற கழுகுக்குச் சிறுநீரகம் பழுதாகிறது. இவ்வளவு பெரிய அழிவுக்கு, செத்த மாடுகளில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவானவற்றில் மருந்து இருந்தாலே போதும் என்று கணக்கு காட்டியது. 2006-இல் கால்நடைக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. 2023-இல் அசிக்ளோஃபினாக், கீட்டோபுரோஃபென் ஆகியவற்றுக்கும் தடை வந்தது. மெலாக்சிகாம் என்ற மாற்று மருந்து கழுகுக்குத் தீங்கு செய்வதில்லை. தமிழ்நாட்டில் பாறு கழுகுகள் மிஞ்சியிருக்கும் மோயாறு பள்ளத்தாக்கின் ஓரத்தில் மாடு வளர்க்கும் ஒருவர், எந்த ஊசியைக் கேட்டு வாங்குகிறார் என்பது ஓர் இனத்தின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது.

குடற்புழுவுக்குக் கொடுக்கும் ஐவர்மெக்டின் சாணியில் கலந்து வெளியேறி, சாணவண்டின் புழுக்களைக் கொல்கிறது. சாணவண்டு இல்லாவிட்டால் சாணி காய்ந்து வறட்டியாகி மண்மேல் கிடக்கும். ஆஸ்திரேலியாவில் மாட்டுச் சாணியைப் புதைக்கத் தெரிந்த வண்டு இல்லாமல், 1960-களின் இறுதியிலிருந்து வேறு கண்டங்களின் வண்டுகளைக் கொண்டுபோய் விட்டார்கள். நெய்வேலி மேட்டு மண் போன்ற ஏழை மண்ணில் மாட்டால் கிடைக்கக்கூடிய பெரிய லாபமே சாணிதான். அதை மண்ணுக்குள் இறக்கும் கூலியாள் வண்டு. மருந்தால் வண்டைக் கொன்றுவிட்டு மாட்டை விடுவதில் பயன் பாதி போய்விடும்.

மேய்ப்பவரை எங்கே வைப்பது

தமிழ்நாட்டில் இந்த விவாதம் நீதிமன்றம் வரை போயிற்று. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் மாநிலத்தின் வனப்பகுதி முழுவதிலும் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. அதே மாதத்தில் தேசியப் பூங்கா, வனவுயிர்ச் சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் என்று திருத்தியது. மறுபக்கத்தில் 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், மேய்ச்சலைச் சமூக உரிமைகளில் ஒன்றாக ஏற்கிறது.

இரண்டுக்கும் நடுவில் ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலை நிற்கிறது. செம்பழுப்பில் வெள்ளைத் திட்டுத் திட்டாக இருக்கும் பர்கூர் மாடு, காட்டுப் பட்டியில் தங்கி, காட்டிலேயே மேய்ந்து உருவான இனம். அந்த இனத்துக்காகக் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் ஒன்று பர்கூரிலேயே இருக்கிறது. 2024 ஜனவரியில் அந்தியூர், கோபி வட்டங்களின் 80,567 எக்டேர் வனம் தந்தை பெரியார் வனவுயிர்ச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மேய்ச்சல் என்ன ஆகும் என்ற அச்சம் மலைக்கிராமங்களில் எழுந்தது. காட்டை அரசு காக்கிறது, மாட்டினத்தை ஆராய்ச்சி நிலையம் காக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்த மேய்ப்பவருக்கு மட்டும் பதவி எதுவும் இல்லை.

பிரிட்டன் பயிற்சி கொடுத்து உண்டாக்கிய தன்னார்வலர் செய்வதில் பெரும்பகுதி, பர்கூர் பட்டிக்காரரும் இராமநாதபுரத்தில் ஆட்டு மந்தை மேய்க்கும் கீதாரியும் தலைமுறையாகச் செய்துவருவது. எந்த ஓடையில் எந்த மாதம் தண்ணீர் வற்றும், எந்தச் செடி புதிதாகப் பரவுகிறது, யானை எந்தப் பக்கம் இறங்குகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவரிடம் இல்லாதது குறிப்பேடு. அதிகாரியிடம் குறிப்பேடு இருக்கிறது, தினமும் போகும் கால் இல்லை. தடையா அனுமதியா என்று அடித்துக்கொள்வதற்கு முன் இந்த இரண்டையும் ஒரே ஆளிடம் சேர்க்க முடியுமா என்று பார்ப்பது, அறிவியல் நோக்கில் மலிவான முதல் வேலை.

கம்பும் கயிறும் போதும்

இதுவரை சொன்னதை நம்ப வேண்டியதில்லை, சோதித்துப் பார்க்கலாம். நெய்வேலி நகரியத்துப் பள்ளி மாணவர்களும் சுற்றுக் கிராமத்து இளைஞர்களும் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. சுரங்க மேடும் சரிவும் ஆபத்தான இடம், அனுமதியில்லாமல் போகக்கூடாது. பெருமாள் ஏரி, வாலாஜா ஏரி போன்றவற்றின் கரைப்பக்கம், மிஞ்சியிருக்கும் மேய்க்கால் புறம்போக்கு, பள்ளியின் பின்புறத் திடல் என்று மாடு மேயும் எந்த இடமும் போதும்.

ஒரே மாதிரி மண்ணும் நிழலும் உள்ள இடத்தில், நான்கு முழச் சதுரமாக இரண்டு கட்டங்களை அடுத்தடுத்து அளந்துகொள்ளுங்கள். ஒன்றைச் சுற்றி முள்வேலி. மற்றதற்கு நான்கு மூலையில் முளைக்குச்சி மட்டும். இப்படி ஒரு ஜோடி போதாது. இரண்டு கட்டத்துக்கும் இடையே முன்பே இருந்த வேறுபாட்டை மேய்ச்சலின் விளைவு என்று நினைத்து ஏமாறக்கூடும். ஐந்தாறு ஜோடியாவது வேண்டும். எதில் வேலி, எதில் வேலியில்லை என்பதை நாணயம் சுண்டித் தீர்மானியுங்கள். நாமே தேர்ந்தால், நம்மை அறியாமல் பசுமையான பக்கத்துக்கு வேலி போட்டுவிடுவோம்.

பொங்கல், சித்திரை, ஆடி, ஐப்பசி என்று ஆண்டுக்கு நான்கு முறை அளந்தால் நான்கு பருவமும் வந்துவிடும். அளவுகோல் கம்பால் பத்து இடத்தில் புல்லின் உயரம். எத்தனை வகைச் செடி. மரக்கன்று எத்தனை, அதில் நுனி கடிபட்டது எத்தனை. சீமைக் கருவேல நாற்று இருக்கிறதா. மண் எவ்வளவு தெரிகிறது. சாணிக் குவியலைக் குச்சியால் கிளறினால் வண்டு இருக்கிறதா. இதோடு, மேய வரும் மாடு எத்தனை, யாருடையது, எந்த நேரத்தில் வருகிறது என்பதை மேய்ப்பவரிடமே கேட்டு எழுத வேண்டும். அவர் சொல்வதுதான் இந்தச் சோதனையில் மருந்தின் அளவு. அது தெரியாமல் புல்லை மட்டும் அளந்தால், நோயாளி எத்தனை மாத்திரை விழுங்கினார் என்று கேட்காமல் காய்ச்சலை அளந்த கதையாகும்.

முதல் ஆண்டில் வேலிக்குள் புல் ஓங்கி நிற்கும். எல்லாரும் ‘பார்த்தீர்களா, மாடுதான் கெடுக்கிறது’ என்பார்கள். மூன்றாம் ஆண்டில் வேலிக்குள் ஒன்றிரண்டு முரட்டுப் புல் மற்றவற்றை அமுக்கிவிட்டு, வெளியே செடி வகை கூடுதலாக இருக்கக்கூடும். அல்லது வேலிக்குள் மரக்கன்று எழும்பி, வெளியே பொட்டலாகியிருக்கவும் கூடும். மண்ணும் மழையும் மாட்டின் எண்ணிக்கையும் சேர்ந்து தீர்மானிக்கும் விடை அது. பரத்பூரின் விடை பர்கூருக்குப் பொருந்தாது. ஓர் ஏரிக்கரையின் விடை அடுத்த ஏரிக்கரைக்கே பொருந்தாமல் போகலாம். எனவே ஓர் இடத்தில் மாட்டை விடலாமா என்று யாராவது கேட்டால் திருப்பிக் கேட்க வேண்டியவை நான்கு: எந்த விலங்கு, எத்தனை, எந்த மாதம், தினமும் போய்ப் பார்த்து எழுதுவது யார்? முதல் மூன்றும் தவறாகிப் போனாலும், நான்காவதற்கு ஆள் இருந்தால் ஒரே பருவத்தில் திருத்திக்கொள்ளலாம். அந்த ஆள் இல்லாத இடத்தில் தவறு தெரியவே பல ஆண்டு ஆகும்.